ஒரே வீட்டில் மூன்று வாசகர்கள்: காதல், மாயம், மர்மம் மூன்றுக்கும் ஒரே நாவல் கிடைக்குமா?

11 மே 2025, கேள்வி

அக்கா, எங்கள் வீட்டில் மூவர் நாவல் வாசிக்கிறோம். அம்மாவுக்குக் காதல் கதை வேண்டும். கையில் கிடைத்த ரமணிசந்திரன் நாவல்களை எல்லாம் இரண்டு முறை முடித்துவிட்டு இப்போது ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறார். தம்பிக்கு டிராகனோ மந்திரமோ இல்லாத புத்தகம் புத்தகமே இல்லை. எனக்கு முதல் ஐம்பது பக்கங்களுக்குள் ஒரு பிணம் விழ வேண்டும். மூவரும் ஒரே கிண்டில் கணக்கைப் பயன்படுத்துவதால், மாதத்துக்கு ஒரு நூல்தான் வாங்கலாம் என்று அப்பா சட்டம் போட்டிருக்கிறார். மூவரும் வாசிக்கக்கூடிய புதிய நாவல் ஏதேனும் உண்டா? லண்டன் பனிமூட்டம் மட்டும் வேண்டாம்.

11 மே 2025, இரவு

உண்டு. யாங்ஸி சூ எழுதி 2019-இல் வெளிவந்த ‘தி நைட் டைகர்’. நான் மலேசியாவின் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் இந்தப் பரிந்துரையில் ஊர்ப்பாசம் கலந்திருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கதை 1931-ஆம் ஆண்டில் ஈப்போவிலும் பத்து காஜாவிலும் அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நடக்கிறது.

ரென் என்னும் பதினொரு வயதுச் சிறுவன் ஒரு வெள்ளைக்கார மருத்துவரின் வீட்டில் வேலை செய்கிறான். சாகும் தறுவாயில் அவர் அவனிடம் ஒரு வாக்குறுதி வாங்குகிறார். முன்பு துண்டிக்கப்பட்ட தம் விரலைத் தேடிப் பிடித்து, தாம் இறந்த 49 நாள்களுக்குள் தம் உடலோடு சேர்த்துப் புதைக்க வேண்டும் என்பதே அது. மறுபக்கம், பகலில் தையல் வேலை பழகுபவளும் இரவில் யாருக்கும் தெரியாமல் நடன மண்டபத்தில் ஆடுபவளுமான ஜி லின் என்ற பெண்ணுக்கு, உடன் ஆட வந்த விற்பனையாளன் ஒருவனிடமிருந்து ஒரு கண்ணாடிக் குப்பி கிடைக்கிறது. அதற்குள் ஒரு விரல் இருக்கிறது. ஊரில் அடுத்தடுத்து மரணங்கள் நிகழ்கின்றன. மனிதனாக உலவும் புலிதான் காரணம் என்று மக்கள் கிசுகிசுக்கிறார்கள்.

உங்களுக்குப் பிணம், தம்பிக்குப் புலி, அம்மாவுக்குக் காதல் என்று மூன்றும் இதில் உண்டு. இதே எழுத்தாளரின் முதல் நாவலான ‘தி கோஸ்ட் பிரைட்’ பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பினாங்கில் நடக்கிறது, 2013-இல் வந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

12 மே 2025

மேலே பினாங்கு என்று எழுதியது தவறு. ‘தி கோஸ்ட் பிரைட்’ 1893-ஆம் ஆண்டு மலாக்காவில் நடக்கிறது. மலாக்காக்காரர் ஒருவர், எங்கள் ஊரில் மிஞ்சியிருப்பதே சில பேய்கள்தான், அவற்றையும் பினாங்குக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்று எழுதியிருக்கிறார். மன்னிக்கவும்.

25 மே 2025

உங்கள் அம்மா ‘தி நைட் டைகர்’ நாவலைப் பாதியில் மூடிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் காரணத்தைச் சொல்லும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் நெற்றியில் அடித்துக்கொண்டேன். ஜி லின்னும் அவள் மனம் நாடும் ஷின்னும், மறுமணம் செய்துகொண்ட பெற்றோரால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆனவர்கள். இரத்த உறவு கிடையாது. ஒரே நாளில் பிறந்தவர்கள் என்பதால் யார் மூத்தவர் என்ற பேச்சுக்குக்கூட இடமில்லை. ஆனாலும் நம் கணக்கில் அவன் அண்ணன் முறை. ‘அண்ணன் முறை ஆகிறவனோடு என்ன காதல்?’ என்று உங்கள் அம்மா கேட்டது போலவே அந்த இருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டுதான் நாவலின் பெரும்பகுதியைக் கடக்கிறார்கள். அந்தத் தயக்கமே காதல் பகுதிக்கு விறுவிறுப்பைத் தருகிறது. நான் அதை ரசித்தேன். ரசித்ததாலேயே உங்களிடம் சொல்ல மறந்துபோனேன்.

முறை என்பது எவ்வளவு விசித்திரமானது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். என்னோடு பணியாற்றிய சீன ஆசிரியை ஒருவருக்கு இந்த நாவலைக் கொடுத்தேன். அவர் இரண்டே நாள்களில் முடித்துவிட்டு, ஜி லின், ஷின் காதலில் தமக்கு எந்த நெருடலும் இல்லை என்றார். பேச்சு வளர்ந்தது. என் பெரியம்மா தம் தாய்மாமனை மணந்தவர் என்று நான் சொன்னபோது, அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை நெடுநேரம் பார்த்தார். மலேசியாவின் 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம்கூட நெருங்கிய உறவுகளுக்குள் மணத்தைத் தடுத்துவிட்டு, இந்துக்களின் தாய்மாமன் உறவுக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறது என்று விளக்கினேன். அதற்கு அவர், அப்படியானால் உங்கள் அம்மாமார்கள் இந்த நாவலைக் குறை சொல்லக் கூடாது என்றார். சொல்கிறார்களே, என்ன செய்வது?

26 மே 2025

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். பழியை முறையின் மீது போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொண்டது போல் தெரிகிறது.

முப்பது ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்தவள் நான். ஒரு மாணவனுக்கு என்ன தெரியும் என்று கேட்பதைவிட எந்த வரியில் நின்றுபோனான் என்று பார்த்தால்தான் அவனுக்கு எங்கே உதவி தேவை என்பது புலப்படும். நூல்களைச் சொல்லும்போது மட்டும் இதை மறந்துவிட்டு, என்ன பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். காதல் பிடிக்கும் என்கிற ஒரு சொல்லில் ஆயிரம் வகை அடங்கிவிடுகிறது. உங்கள் அம்மா இதற்கு முன் எந்த நூல்களை, எந்த இடத்தில், எதற்காக மூடி வைத்தார்? உங்கள் தம்பி? நீங்கள்? ஆளுக்கு மூன்று நூல்களை எழுதி அனுப்புங்கள். முடித்த நூல்கள் எனக்கு வேண்டாம்.

28 மே 2025

பட்டியல் வந்தது. அம்மா: நாயகன் நாயகியை அவமதித்த இடத்தில் ஒன்று, படுக்கையறை வருணனை நீண்ட இடத்தில் ஒன்று, அண்மையில் ‘முறை’யில் ஒன்று. தம்பி: மூன்றையுமே, அடுத்த பாகம் இன்னும் வரவில்லை என்று தெரிந்த இடத்தில் மூடியிருக்கிறார். நீங்கள்: கொலைகாரர் யாரென்று முன்பே தெரிந்துவிட்ட இடத்தில் இரண்டு; மூன்றாவதில், துப்பறிபவரின் குடிப்பழக்கம் பற்றிய ஏழாவது பத்தியில்.

இந்தப் பட்டியல் ‘காதல், மாயம், மர்மம்’ என்று நீங்கள் முதலில் எழுதியதைவிட எனக்கு நூறு மடங்கு பயன்படுகிறது. கவனித்தீர்களா, உங்கள் தம்பியின் குறைக்கும் டிராகனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

8 ஜூன் 2025

முதலில் உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒரே நூல். சுஜாதா மாஸி எழுதிய ‘தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்’, 2018. (நம் கணேஷ்–வசந்த் சுஜாதாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர் அமெரிக்காவில் வாழும் பெண் எழுத்தாளர்.)

1921-ஆம் ஆண்டு பம்பாய். பர்வீன் மிஸ்திரி என்னும் பார்சிப் பெண் தம் தந்தையின் சட்ட அலுவலகத்தில் வேலை செய்கிறார். பத்திரங்களை எழுதலாம், கட்சிக்காரர்களைச் சந்திக்கலாம். ஆனால் நீதிபதியின் முன் எழுந்து நிற்க முடியாது. பெண்கள் வழக்கறிஞராவதற்கு இருந்த தடையை இந்தியா முழுவதிலும் நீக்கிய சட்டம் 1923-இல்தான் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்த முதல் பெண்ணான கொர்னீலியா சொராப்ஜியின் வாழ்விலிருந்துதான் இந்தப் பாத்திரத்துக்கான பொறி கிடைத்தது.

ஒரு முஸ்லிம் செல்வந்தர் இறந்துபோகிறார். பர்தாவுக்குள் வாழும் அவருடைய மூன்று மனைவியரும் தங்களுக்குச் சேர வேண்டிய சொத்தை அறக்கட்டளைக்கு விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று அலுவலகத்துக்கு வருகிறது. அந்தக் கையெழுத்தைப் பார்த்துப் பர்வீனுக்குச் சந்தேகம் எழுகிறது. ஆண் வழக்கறிஞர் எவரும் அந்த அறைகளுக்குள் நுழைய முடியாது, இவர் நுழையலாம். நீதிமன்றத்தில் இவரை நிற்கவிடாத அதே சமூக வழக்கம்தான் இந்த வழக்கை இவரிடம் ஒப்படைக்கிறது. நான் அண்மையில் வாசித்த மர்மக் கதைகளில் துப்பறிபவர் ஏன் இவராகவே இருக்க வேண்டும் என்பதற்கு இவ்வளவு நேர்மையான காரணம் வேறெதிலும் இல்லை.

அம்மாவுக்கான பகுதி, இடையிடையே வரும் 1916-ஆம் ஆண்டுக் கதை. பர்வீன் காதலித்து மணந்து கல்கத்தா புகுந்த வீட்டுக்குப் போன கதை அது. அதில் அவமானம் உண்டு, எச்சரித்துவிட்டேன். ஆனால் நாயகி அதை மன்னித்துவிட்டுக் கண்ணீர் மல்க நிற்பதில்லை.

ஹரிணி நாகேந்திரா எழுதிய ‘தி பெங்களூர் டிடெக்டிவ்ஸ் கிளப்’ (2022) நாவலும் அதே 1921-இல்தான் நடக்கிறது. கணிதத்தில் ஆர்வம் கொண்ட காவேரி என்ற இளம் மனைவி, மருத்துவரான கணவர் ராமு, செஞ்சுரி கிளப்பில் ஒரு விருந்து, ஒரு கொலை. ஆசிரியர் சூழலியல் பேராசிரியர் என்பதால் மரங்களும் ஏரிகளும் வெறும் பின்னணித் திரையாக நின்றுவிடாமல் பெயரோடும் குணத்தோடும் வருகின்றன. கடைசிப் பக்கங்களில் சமையல் குறிப்புகளும் உண்டு. கணிதம் படிக்க ஏங்கும் நாயகி என்றால் நான் நடுநிலையோடு பேச முடியாது. எனவே மதிப்பெண் போடவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கொலைகாரர் யார் என்பதை நீங்கள் இதில் சற்று முன்னதாகவே ஊகித்துவிடக்கூடும். அம்மாவுக்கு அது தடையாக இராது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் மதித்து நெருங்கும் விதம் அவருக்குப் பிடிக்கும்.

9 ஜூன் 2025

ஒரு வாசகர், 1921-இல் இந்தியாவில் துப்பறியாமல் சும்மா இருந்த பெண்கள் எவரேனும் உண்டா என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

சிங்கப்பூர் வேண்டுமென்றால் ஓவிடியா யூவின் ‘தி ஃபிராஞ்சிபானி ட்ரீ மிஸ்டரி’ (2017) இருக்கிறது. 1936-ஆம் ஆண்டு, போலியோவால் கால் சற்றுச் சாய்ந்து நடக்கும் சூ லின் என்ற பதினாறு வயதுப் பெண், பத்திரிகையாளராகும் கனவோடு, ஆளுநர் மாளிகையில் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறாள். அந்தத் தொடரின் நூல்களுக்கு எல்லாம் தாவரங்களின் பெயர்கள்தாம். பாக்குமரம் உண்டு, தொட்டாற்சுருங்கி உண்டு, நம் சிவன் கோவில்களில் நிற்கும் நாகலிங்க மரமும் உண்டு. முதல் நூலின் ஃபிராஞ்சிபானி, நம் அகராதிகளில் ஈழத்தலரி என்று இருப்பது; இங்கே மலாய்க்காரர்களின் கல்லறைத் தோட்டங்களில் அதைக் காணலாம். அந்தப் பூவின் மணம் வந்தால் என் அம்மா நடையை விரைவுபடுத்துவார். மர்ம நாவலுக்கு அந்தத் தலைப்பே போதும்.

14 ஜூன் 2025

கிண்டில் பற்றிக் கேட்டீர்கள். ஒரே கணக்கில் பல கருவிகள் இருந்தால், இன்னொரு கருவியில் கடைசியாக எட்டிய பக்கத்துக்குப் போகவா என்று அது கேட்பது இயல்பு. ஆனால் நீங்கள் மூவரும் 60-ஆம் பக்கத்தைத் தாண்டாத நூலில் அது 212-ஆம் பக்கத்துக்கு அழைக்கிறது என்றால், வீட்டில் யாரோ பொய் சொல்கிறீர்கள். துப்பறியும் கதை வாசிப்பவர் நீங்கள்தானே, நீங்களே கண்டுபிடியுங்கள்.

22 ஜூன் 2025

தம்பிக்கு.

அவர் வயதில் இருக்கும் என் அண்ணன் மகள், ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ நாவலை (2023) என் கையில் திணித்து, வாசிக்காவிட்டால் வீட்டுக்கு வரமாட்டேன் என்றாள். டிராகன் ஓட்டிகளைப் பயிற்றுவிக்கும் போர்க் கல்லூரி. உடல் வலுவற்ற வயலெட். அவளைக் கொல்லக் காரணம் உள்ளவன்மீதே அவளுக்கு வரும் காதல். முதல் நூறு பக்கங்களில் நான் மூன்று முறை மூடினேன். நான் மூடிய இடம் எது என்று என்னையே கேட்டுக்கொண்டேன்: மாணவர்கள் நெருக்கடியின் நடுவே ஒருவர் அழகை ஒருவர் வியக்கும் இடங்கள். ஆபத்தில் இருக்கும்போது நெஞ்சின் அகலத்தை அளப்பவர்களை நான் என் வகுப்பிலும் கண்டித்திருக்கிறேன்.

ஆனால் அவள் சொன்ன பதில் என்னைச் சிந்திக்க வைத்தது. ‘அத்தை, அது அவர்களுக்கு ஆபத்து, எனக்கு அது விடுமுறை’ என்றாள். நான் பதின்மூன்று வயதில் மாத நாவல் வாசித்ததும் அப்படித்தான். ஆகவே பழித்ததைத் திரும்பப் பெறுகிறேன், பாதியளவு.

உங்கள் தம்பிக்கு இதை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் வேறு. ஐந்து நூல்களாகத் திட்டமிடப்பட்ட தொடர் இது. மூன்றாவதான ‘ஆனிக்ஸ் ஸ்டார்ம்’ இந்த ஜனவரியில்தான் வந்தது. அவர் மறுபடியும் அதே இடத்தில் நின்றுபோவார்.

அவருக்கு வேண்டியது முடிந்த தொடர். தாஷா சூரியின் ‘தி ஜாஸ்மின் த்ரோன்’ 2021-இல் தொடங்கி, ‘தி ஓலியாண்டர் சோர்ட்’ வழியாக, 2024-இல் ‘தி லோட்டஸ் எம்பயர்’ நூலோடு முடிந்துவிட்டது. முதல் நூல் 2022-ஆம் ஆண்டின் உலக மிகுபுனைவு (ஃபேன்டசி) விருதைப் பெற்றது. பாழடைந்த கோவில் ஒன்றில் சிறைவைக்கப்பட்டிருக்கும் இளவரசி மாலினி. அங்கே பணிப்பெண்ணாக வந்து தன் பழைய ஆற்றலை மறைத்துக்கொண்டிருக்கும் பிரியா. மனித உடலில் செடிகொடிகள் முளைத்துப் பரவும் ஒரு நோய். இருவரும் பெண்கள், இருவருக்கும் இடையில்தான் காதல். நம் மொழிக்கும் நிலத்துக்கும் அருகில் இருக்கும் உலகம் என்பதால், பெயர்களை உச்சரிக்கத் திணற வேண்டியதில்லை. மேலை மிகுபுனைவுகளில் ஒற்றை மேற்கோள் குறிகள் செருகிய பெயர்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

6 ஜூலை 2025

காதல் கதைகளைப் பற்றி நான் எழுதத் தயங்கிக்கொண்டே இருந்தேன். இது என் பலவீனமான பாடம். முடிவில் சேரத்தான் போகிறார்கள் என்று தெரிந்த பிறகு எதற்கு 300 பக்கங்கள் என்று என் தங்கையிடம் ஒருமுறை கேட்டேன். ‘கொலைகாரர் பிடிபடத்தான் போகிறார் என்று தெரிந்த பிறகு உனக்கு எதற்கு 300 பக்கங்கள்?’ என்று அவள் திருப்பிக் கேட்டாள். இருபது ஆண்டுகள் ஆகியும் என்னிடம் விடை இல்லை.

அம்மாவின் பட்டியலுக்கு (அவமதிப்பு வேண்டாம், படுக்கையறை வேண்டாம், முறை தவறக் கூடாது) ஏறத்தாழ அளவெடுத்துத் தைத்தது போன்ற நாவல் உஸ்மா ஜலாலுதீனின் ‘ஆயிஷா அட் லாஸ்ட்’. 2018-இல் கனடாவில் வெளிவந்தது. ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ கதையை டொராண்டோ முஸ்லிம் குடும்பங்களுக்குள் கொண்டுவந்திருக்கிறார். கவிதை எழுத விரும்பியும் பிழைப்புக்காக ஆசிரியையான ஆயிஷா; நீண்ட அங்கியும் தாடியுமாகத் திரியும், அம்மா பார்க்கும் பெண்ணைத்தான் மணப்பேன் என்று உறுதியோடு இருக்கும் காலித்; ஷேக்ஸ்பியரை மேற்கோள் காட்டும் ஹைதராபாத் தாத்தா. ஒரு கூட்டத்தில் ஆயிஷாவைக் காலித் அவளுடைய சிறிய தாயார் மகள் என்று தவறாக எண்ணிக்கொள்ள, அவளும் திருத்தாமல் விட்டுவிடுகிறாள். அங்கிருந்து குழப்பம் கிளைவிடுகிறது. பெண் பார்க்கும் படலங்களை நேரில் அனுபவித்தவர்கள் இதில் சிரிக்கும் இடங்களில் மற்றவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

சிறிய தாயார் மகள் என்று எழுதினேன். அத்தை மகளா சித்தி மகளா என்பதை ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல் மறைத்துவிடுகிறது, நானும் சரிபார்க்காமல் எழுதிவிட்டேன். உறவுமுறைப் பெண் என்று திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவுக்கு இது முக்கியம்.

தமிழிலேயே புதிய காதல் கதைகள் ஏன் சொல்லவில்லை என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். அவை குறையவில்லை, இடம் மாறியிருக்கின்றன. எங்கள் சிறு வயதில் தமிழ்நாட்டிலிருந்து மாத நாவல்கள் ஈப்போ கடைகளுக்கு வந்துசேரும். ரயில்வேயில் வேலை செய்த என் அப்பா அவற்றை நண்பர்களிடமிருந்து இரவல் வாங்கி வருவார். ஆறேழு கைகள் மாறி வருவதால், கடைசிப் பக்கங்கள் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அப்பாவே முடிவைச் சொல்வார். ராஜேஷ்குமார் யாரைக் கொலைகாரர் ஆக்கியிருந்தாலும், எங்கள் வீட்டில் கொலைகாரர் எப்போதும் வட்டிக்குக் கொடுப்பவராகவே இருந்தார். இப்போது அந்த வாசகர்களில் பெரும்பகுதியினர் பிரதிலிபி போன்ற செயலிகளிலும், 2016-இன் இறுதியில் தமிழுக்கு இடம் கொடுத்த கிண்டிலிலும் இருக்கிறார்கள். அங்கே நாள்தோறும் தொடர்கள் முளைக்கின்றன. நான் போதுமான அளவு வாசிக்காமல் அவற்றில் ஒன்றைப் பொறுக்கி எடுத்துச் சொல்வது முறையாகாது.

20 ஜூலை 2025

கொழும்பு வாசகர் ஒருவர், மூன்று வகையும் கலந்த நாவல் என்று பேசிவிட்டு ஷெஹான் கருணாதிலக்கவை எப்படி விட்டீர்கள் என்று கேட்கிறார். விடவில்லை, ஒத்திவைத்தேன். ‘தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்தா’ 2022-இல் புக்கர் பரிசு பெற்றதால், அதை ‘கனமான இலக்கியம்’ என்ற அலமாரிக்குத் தள்ளிவிடுகிறோம். கதையின் எலும்புக்கூட்டைப் பாருங்கள்: போர்ப் புகைப்படக்காரன் ஒருவன் இறந்துபோய், வரிசையும் படிவமுமாக இயங்கும் ஓர் அரசு அலுவலகம் போன்ற மறுமையில் கண்விழிக்கிறான். தன்னைக் கொன்றது யார் என்று அவனுக்கு நினைவில்லை. ஏழு நிலவுகள் கெடு. கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்த புகைப்படங்களை, தான் நேசித்த டிடி என்னும் தமிழ் இளைஞனின் கையிலும் தோழி ஜாக்கியின் கையிலும் எப்படியாவது சேர்க்க வேண்டும். கொலை, ஆவி, காதல் மூன்றும் இருக்கின்றன.

முதலில் இது ‘சாட்ஸ் வித் தி டெட்’ என்ற பெயரில் 2020-இல் இந்தியாவில் வெளிவந்தது; இலங்கை அரசியலும் தொன்மங்களும் அறியாத வாசகர்களையும் மனத்தில் கொண்டு திருத்தி எழுதப்பட்டதே புக்கர் பெற்ற வடிவம். கதை முழுவதும் முன்னிலையில் நடக்கிறது. வாசிக்கும்போதெல்லாம் என் மனம் தமிழில் அதை ‘நீ’ என்றே கேட்டது. ஒருமுறைகூட ‘நீங்கள்’ வரவில்லை. இறந்தவனுக்கு எதற்கு மரியாதை என்று தோன்றியதோ, நெருங்கியவன் என்று தோன்றியதோ, தெரியவில்லை.

ஆனால் உங்கள் வீட்டுக்கு இதை நான் முதலில் சொல்லாததற்குக் காரணம் உண்டு. 1990-ஆம் ஆண்டுக் கொழும்பு அது. அந்தப் புகைப்படங்களில் 1983 இருக்கிறது. நகைச்சுவை மிகுதியாக இருப்பதாலேயே அடி பலமாக விழுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் குடியேறிய ஒரு பெரியவர் முப்பது பக்கங்களில் மூடிவிட்டு, நூல் நன்றாக இருக்கிறது, எனக்கு வேண்டாம் என்றார். அவரிடம் காரணம் கேட்கவில்லை.

இதே தயக்கத்தில் ‘தி நைட் டைகர்’ பற்றியும் ஒரு பின்யோசனை. தோட்டத்தில் வேலை செய்யும் அம்பிகா என்னும் தமிழ்ப்பெண் அந்நாவலில் பெரும்பாலும் ஒரு சடலமாகவும் பிறர் நினைவாகவும் மட்டுமே வருகிறாள். என் பாட்டி, ஈப்போ இருக்கும் அதே கிந்தா வட்டாரத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வாழ்ந்தவர். முதல் வாசிப்பில் ஊர்ப்பெயர்களைக் கண்ட மகிழ்ச்சியில் இதைக் கவனிக்கவில்லை. இரண்டாம் முறை அந்தப் பக்கங்களில் நின்றுவிட்டேன். நூலை மூடவில்லை. ஆனால் நின்றேன்.

18 ஆகஸ்ட் 2025

ராபர்ட் ஜாக்சன் பென்னட்டின் ‘தி டெய்ன்டட் கப்’ (2024) அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் ஹியூகோ விருதை இந்த ஆண்டு பெற்றிருக்கிறது. தம்பிக்காகத் தேடிப் படித்தேன், உங்களுக்காகவும் எழுதுகிறேன்.

மழைப்பருவந்தோறும் கடலிலிருந்து மலையளவு விலங்குகள் கரையேற முயலும் ஒரு பேரரசு. அவற்றைத் தடுக்கும் பெருஞ்சுவர்கள். முதல் அத்தியாயத்திலேயே ஓர் அதிகாரி தம் உடலிலிருந்து மரம் முளைத்து வெடித்து இறந்துகிடக்கிறார். விசாரிக்கும் ஆனா டோலாப்ரா கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டு அரிதாகவே வெளியேறுபவர். அவருக்காகப் போய்ப் பார்த்து வருபவன் டின். பார்த்த எதையும் மறக்காதபடி மாற்றப்பட்ட இளைஞன். மந்திரம் என்று சொல்லத்தக்க அனைத்துக்கும் இந்த உலகில் விதிகள் உண்டு. அந்த விதிகளுக்குள்ளேயே தடயங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் முன்கூட்டியே ஊகித்தால் எனக்கு எழுதுங்கள், நான் தோற்றுப்போனேன். ‘எ டிராப் ஆஃப் கரப்ஷன்’ என்ற இரண்டாம் நூல் ஏப்ரலில் வந்துவிட்டது. தொடர் இன்னும் முடியவில்லைதான்; ஆனால் ஒவ்வொரு நூலிலும் ஒரு வழக்கு முழுமையாக முடிந்துவிடுகிறது. தம்பியின் குறைக்கு இது போதுமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

19 ஆகஸ்ட் 2025

இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. ‘தி ஜாஸ்மின் த்ரோன்’ நாவலிலும் மனித உடலில் செடி முளைக்கிறது. அடுத்தடுத்து ஒரே வீட்டுக்கு நான் சொன்ன இரண்டு மிகுபுனைவுகளிலும் இது அமைந்தது தற்செயல்தான். உங்கள் அம்மா தோட்டத்தில் களை பறிக்கத் தயங்கினால் பொறுப்பு என்னுடையது.

7 செப்டம்பர் 2025

உங்கள் மடலைப் படித்து உரக்கச் சிரித்துவிட்டேன். சுருக்கமாக இங்கே பதிந்துவைக்கிறேன்.

அம்மா ‘தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்’ நாவலை முடித்தார். ‘ஆயிஷா’வை முடித்தார், காலித்தின் அம்மாவை மட்டும் மன்னிக்கவில்லை. பிறகு யாரும் சொல்லாமலே ‘தி டெய்ன்டட் கப்’ எடுத்து நான்கு நாள்களில் முடித்துவிட்டு, டின்னுக்கு இரண்டாம் பாகத்தில் கல்யாணம் ஆகுமா என்று கேட்டிருக்கிறார். மரம் முளைத்த பிணம் அவரை ஒன்றும் செய்யவில்லை. அவரைக் காதல் கதை வாசகி என்று எழுதி வைத்தது நாம்தான். அவர் எங்கும் அப்படிச் சொல்லவில்லை. தம்பி ‘தி ஜாஸ்மின் த்ரோன்’ தொடரின் மூன்றாம் நூலில் இருக்கிறார். நீங்கள் ‘தி நைட் டைகர்’ நாவலுக்குத் திரும்பிவிட்டீர்கள்.

212-ஆம் பக்கத்தின் மர்மமும் துலங்கிவிட்டது. மாதத்துக்கு ஒரு நூல் என்று சட்டம் போட்ட அப்பாதான், பழைய கைப்பேசியில் அதே கணக்கைத் திறந்து, இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு மே மாதத்திலிருந்து வாசித்து வந்திருக்கிறார். நான்கு மாதங்களாக மூன்று பேரைச் சந்தேகித்த நீங்கள் நான்காமவரை எண்ணவே இல்லை. நானும் ‘மூவரில் ஒருவர்’ என்றே நினைத்திருந்தேன். இப்போது ‘மாலி அல்மெய்தா’வை வாங்கச் சொன்னவரும் அவரே என்பதும், சட்டத்தைத் திருத்தி மாதத்துக்கு இரண்டு நூல்கள் என்று அறிவித்திருக்கிறார் என்பதும் எனக்கு இரட்டை மகிழ்ச்சி.

அப்பா எந்த நூலை எந்த இடத்தில் மூடினார் என்று கேட்டு எழுதுங்கள். அதுவரை அக்டோபருக்கான இரண்டாவது நூலாக யாங்ஸி சூவின் ‘தி ஃபாக்ஸ் வைஃப்’ (2024) என்று குறித்து வைத்திருக்கிறேன்: 1908-ஆம் ஆண்டு மஞ்சூரியா, தன் குழந்தையை இழந்து பழிவாங்கப் புறப்பட்ட நரிப்பெண், பிறர் சொல்லும் பொய்யைக் கேட்டவுடன் உணர்ந்துவிடும் முதிய துப்பறிவாளர். இம்முறை முறையைச் சரிபார்த்துவிட்டேன். அவள் தேடுவது எதிரியை, வழியில் எதிர்ப்படுபவன் கணவன். அம்மாவிடம் தைரியமாகக் கொடுக்கலாம்.